வீட்டுத் தோட்டம்: லில்லி இலையில் வெள்ளைப் புள்ளி

"எங்கள் வீட்டு முற்றத்தில் நான்கு தொட்டிகளில் லில்லி வைத்திருக்கிறோம். ஒரு மாத காலமாக இலைகளில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் காண்கின்றன. என்ன மருந்து போடலாம்? உடனே பதில் எழுதவும்" என்று சங்கராபுரத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

உடனே பதில் எழுத வேண்டும் என்பதுதான் என் விருப்பமும். ஆனால் "என்ன மருந்து?" என்னும் கேள்விக்கு முன்னால் "என்ன வியாதி?" என்னும் கேள்வி ஒன்று நிற்கிறது. முதலில் நோயைத் தெரிந்துகொள், பிறகு அதன் காரணத்தைத் தேடு, அதன் பின்னரே சிகிச்சைக்குப் போ என்பது வள்ளுவர் மனித உடம்புக்குச் சொன்ன முறை. செடிக்கும் அதுவே முறை. இதை விட்டுவிட்டு நேரே மருந்துக் கடைக்கு ஓடினால் என்ன நேரும் என்பதை நான் புஸ்தகத்தில் படித்து அறியவில்லை. சொந்த அநுபவத்தில், கொஞ்சம் வெட்கத்தோடு, கற்றுக்கொண்டேன். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். முதலில் சகோதரியின் செடிகளைக் கவனிப்போம்.

லில்லி என்று நம் வீடுகளில் வழங்குவது ஒரே செடியன்று. மழை பெய்த இரண்டொரு நாளில் புல்லுக்கு நடுவே திடீரென்று தலை நீட்டும் சின்னஞ்சிறு மழை லில்லி ஒன்று. விரல் விரலாக இதழ் விரியும் வெள்ளை லில்லி மற்றொன்று. வெங்காயத்தைப் போன்ற பருத்த கிழங்கிலிருந்து தண்டு நீட்டி, எக்காளம் போன்ற சிவந்த பூக்களை ஏந்தி நிற்பது வேறொன்று. குளத்தில் மலரும் அல்லியோ இவற்றுக்கெல்லாம் உறவே அல்ல. இவை யாவற்றையும்விட நமக்குப் பழமையான உறவு உள்ள லில்லி இனம் ஒன்று உண்டு. அதுதான் செங்காந்தள். தாவர சாஸ்திரிகள் அதை முன்னே லில்லிக் குடும்பத்திலேயே வைத்திருந்து, பிறகு பக்கத்து வீடாகப் பிரித்து வைத்தார்கள். தமிழ்நாட்டின் மாநிலப் பூவும் அதுவே. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் தொண்ணூற்றொன்பது பூக்களில் முதலாவதாக வருவதும் அதுவே. அந்தக் கபிலர் பெயரால் ஒரு குன்று திருக்கோவலூரில் தென்பெண்ணையாற்றின் நடுவே நிற்கிறது; திருக்கோவலூர் இன்று நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. மழைக் காலத்தில் கல்வராயன் மலைக்குப் போகிறவர்கள் வேலியோரப் புதர்களில், இலை நுனியைச் சுருட்டிப் பற்றிக்கொண்டு ஏறும் அந்தக் கொடியைக் கண்டால் சிறிது நின்று பார்க்க வேண்டும். பார்க்கலாமே தவிர, கிழங்கைத் தொட வேண்டாம். அதில் உள்ள கால்ச்சிசின் என்னும் பொருள், வைத்தியர் கையில் கீல்வாதத்திற்கு மருந்து. மற்றவர் வாயில் உயிரை வாங்கும் விஷம். வீட்டில் காந்தள் வளர்ப்பவர்கள் குழந்தைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லி வைக்க வேண்டும்.

இனி வெள்ளைப் புள்ளியின் விசாரணை. இதற்கு வேண்டிய கருவிகள் மூன்றுதான்: ஒரு ஈரத் துணி, ஒரு வெள்ளைக் காகிதம், சிறுவர்கள் விளையாடும் பூதக்கண்ணாடி ஒன்று.

முதலில் ஈரத் துணியால் புள்ளியை மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். துடைத்தால் போகிற புள்ளி, போகாத புள்ளி என்று எல்லாம் இரண்டு பிரிவாகிவிடும். ஒவ்வொரு பிரிவிலும் மூன்று மூன்றாக, மொத்தம் ஆறு வகை.

துடைத்தால் போவதில் முதலாவது, நோயே அல்ல. உப்பு மிகுந்த கிணற்று நீரையோ ஆழ்குழாய் நீரையோ இலைமேல் தெளித்தால், துளி காய்ந்த இடத்தில் சுண்ணாம்பு வட்டம் வட்டமாகப் படியும். எலுமிச்சைச் சாறு சில துளியைத் தண்ணீரில் கலந்து துடைத்தால் அது கரைந்து போகும். இதற்கு மருந்து வேண்டாம். தண்ணீரை இலையில் ஊற்றாமல் வேரில் ஊற்றும் வழக்கமே போதும்.

இரண்டாவது, சாம்பல் நோய். முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினாற்போல இலைமேல் படர்ந்திருக்கும். விரலால் தொட்டால் ஒட்டும்; துடைத்த இடத்தில் இலை மஞ்சளித்திருக்கும். இது ஒரு காளான். பகல் வெயிலும் இரவுப் பனியும் மாறி மாறி வரும் காலத்தில், காற்றோட்டமில்லாத மூலையில் வளரும். லில்லிகளைவிடப் பூசணிக் கொடிக்கும் வெண்டைக்கும் இது அதிகம் வரும். அடுத்த பாத்தியிலிருந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

மூன்றாவது, மாவுப் பூச்சி. இதுதான் பெரும்பாலும் வீட்டு லில்லிகளைப் பிடிப்பது. பஞ்சுத் துணுக்கைப் பிய்த்து ஒட்டினாற்போல இலை அடியிலும், இலை கிழங்கோடு சேரும் மடிப்பிலும் கூட்டமாக இருக்கும். நசுக்கினால் ஈரம் கசியும். செடியின்மேல் பிசுபிசுவென்று தேன் போன்ற கழிவு வழிந்திருக்கும். அதை நாடி எறும்புகள் சாரி சாரியாக ஏறும். அந்தத் தேன்மேல் கரி படிந்தாற்போல் கறுப்புப் பூஞ்சை வளரும். ஆகவே லில்லித் தொட்டியில் எறும்பு ஏறக் கண்டால், வெள்ளையைக் காணுமுன்பே சந்தேகப்படலாம்.

இப்போது துடைத்தால் போகாதவை. நிழலில் இருந்த தொட்டியைத் திடீரென்று சித்திரை வெயிலில் வைத்தால், வெயில் பட்ட பக்கம் மட்டும் வெளுத்துக் காகிதம் போலாகும். இது சூட்டுக்காயம். மறுபடி நிழலில் வைத்துச் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்குவதே சிகிச்சை. வெளுத்த இடம் மறுபடி பசுமை பெறாது. புது இலை நன்றாக வரும்.

இரண்டாவது, சாறு உறிஞ்சும் மிகச் சிறிய பிராணிகள். இலைப்பேன் உறிஞ்சினால் வெள்ளிக் கோடுகள் விழும். அவற்றினிடையே மிளகுப் பொடி போல் கறுப்புத் துகள்கள் தெரியும். சிலந்திப் பூச்சி உறிஞ்சினால் ஊசி முனையால் குத்தினாற்போல வெளிறிய புள்ளிகள் இலை முழுதும் நிறைந்திருக்கும். அடியில் மெல்லிய நூலாம்படையும் காணலாம். இலைக்குக் கீழே வெள்ளைக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு இலையைத் தட்டுங்கள். விழுந்த துகள்களில் சில நகரத் தொடங்கினால் குற்றவாளி அகப்பட்டான்.

மூன்றாவது, இலைப்புள்ளி நோய். நடுவில் வெளுத்து, ஓரத்தில் பழுப்பு அல்லது செந்நிற வளையத்தோடு நீள்வட்டமாக இருக்கும். இரவெல்லாம் இலை நனைந்திருந்தால் வரும் பூஞ்சை இது. பிடித்த இலைகளைக் கிள்ளி எரித்துவிட்டு, தொட்டிகளை நெருக்காமல் காற்றாட வைத்து, காலையில் மட்டும் வேரில் தண்ணீர் விட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஆறு வகையில் ஒன்று நோயே அல்ல, ஒன்று வெயில் செய்த காரியம், இரண்டு காளான், இரண்டுதான் பூச்சி. வெள்ளையைக் கண்டவுடன் பூச்சி மருந்து வாங்குகிறவர், ஆறில் நான்கு தடவை பணத்தையும் விஷத்தையும் வீணாக்குகிறார் என்று இதிலிருந்தே தெரியும். மற்ற இரண்டிலாவது அவர் செய்வது சரிதானா? அதற்குத்தான் என் கதை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளிக்கூடத்து வாசலில் பையன்கள் ஒரு வரிசை லில்லித் தொட்டிகள் வைத்து வளர்த்தார்கள். ஒரு கோடையில் அவற்றில் வெள்ளைப் பஞ்சு கண்டது. மாவுப் பூச்சி என்று எனக்குத் தெரிந்தது. அந்த மட்டில் நோயைச் சரியாகத்தான் கண்டுபிடித்தேன். ஆனால் கூர்ந்து பார்த்தபோது அவற்றில் இரண்டு வகை இருந்தன. ஒரு வகை அரிசிக் குறுணை அளவு, அசையாமல் ஒட்டிக் கிடந்தது. மற்றொரு வகை அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு பெரியது; உடம்பெல்லாம் சடை சடையாக வெள்ளை நூல் தொங்க, இலைமேல் விறுவிறுவென்று ஓடியது. "பெரிய பூச்சிதான் தாய், அதைத் தொலைத்தால் குஞ்சுகள் தாமே ஒழியும்" என்று வகுப்பில் வியாக்கியானமும் செய்தேன். கடையில் கொடுத்த விஷ மருந்தை வாங்கி, பத்து நாளைக்கு ஒருமுறை மூன்று தடவை தெளித்தேன். சடை வைத்த பெரிய பூச்சிகள் முதல் தடவையிலேயே அடியோடு செத்து விழுந்தன. எனக்குப் பரம சந்தோஷம். ஆனால் இரண்டு மாதத்திற்குள் சின்னப் பூச்சிகள் முன்னைவிடப் பன்மடங்காகி, தொட்டிகளில் பாதிக்கு மேல் அழுகிவிட்டன.

பின்னால் பூச்சி சாஸ்திரப் புஸ்தகம் ஒன்றில் படத்தைப் பார்த்தபோதுதான் என் தலையில் இடி விழுந்தது. நான் கொன்ற சடைப் பூச்சி, மாவுப் பூச்சியின் தாய் அல்ல, அதன் எமன். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒரு பொறிவண்டின் புழு அது. மாவுப் பூச்சிக் கூட்டத்திற்குள்ளே அதே வேஷம் போட்டுக்கொண்டு புகுந்து, அவற்றின் முட்டையையும் குஞ்சையும் தின்று வளரும். இந்த வண்டை 1898-ல் நம் தேசத்திற்குக் கொண்டுவந்தார்கள். காப்பிச் செடியின் செதில் பூச்சியை ஒழிப்பதற்காகக் கொண்டுவந்தது. அந்த வேலையை அது சரியாகச் செய்யவில்லை. ஆனால் இங்கேயே குடியேறி, மாவுப் பூச்சியைத் தின்னும் தொழிலைத் தானே ஏற்றுக்கொண்டது. வளர்ந்த வண்டு கறுத்த முதுகும் ஆரஞ்சு நிறத் தலையுமாக, மிளகளவு இருக்கும். இதுவன்றி நம் நாட்டில் இயல்பாக வாழும் ஒரு சின்னப் பட்டாம்பூச்சியும் உண்டு. அதன் புழுவும் மேலே வெள்ளை மாவைப் பூசிக்கொண்டு மாவுப் பூச்சியைத் தின்னும். அதன் கூட்டுப்புழுவைப் பார்த்தால் குரங்கு முகம் போலவே இருக்கும்.

விஷம் இந்த நண்பர்களைத்தான் முதலில் கொல்கிறது. ஏனென்றால் அவை ஓடியாடி மருந்தில் நனைகின்றன. பகைவனோ மெழுகுப் போர்வைக்குள் பத்திரமாக இருக்கிறான். அவன் முட்டைப் பைக்குள் மருந்து இறங்குவதில்லை. காவற்காரனைக் கொன்று, திருடனை வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தியவன் நான். மறுநாள் வகுப்பில் பையன்களிடம், "நான் சொன்னது தப்பு, தொட்டிகள் அழுகியதற்குக் காரணம் நான்தான்" என்று சொன்னேன். ஆசிரியனுக்கு அது எளிய வாக்கியமன்று. ஆனால் அதைச் சொன்னதனால்தான் பின்னால் ஒரு நல்ல காரியம் நடந்தது.

சென்ற ஆண்டு மாசி மாதத்தில், கல்வராயன் மலைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து கள்ளக்குறிச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவன் ஒருவன், ஒரு பையில் எதையோ வைத்துக்கொண்டு என் மேஜை அருகே வந்து நின்றான்.

"ஸார், லில்லியில் வந்ததே, அதே வெள்ளை. எங்கள் மரவள்ளியில் வந்திருக்கிறது" என்றான்.

பையில் மரவள்ளியின் நுனிக் கொழுந்துகள் இருந்தன. இலைகள் விரியாமல் கொத்தாகச் சுருண்டு, முட்டைக்கோசு போலக் கூம்பியிருந்தன. உள்ளே வெள்ளை மாவு. பையனின் தகப்பனாருக்கு மலைச் சரிவில் இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். மரவள்ளிதான் அந்த வீட்டின் வருஷப் படி. இங்கே விளையும் கிழங்கு ஆலைகளுக்குப் போய் மாவாகவும் ஜவ்வரிசியாகவும் மாறி, தேசமெங்கும் விரத நாட்களில் பாயஸமாகிறது. அந்தப் பாயஸத்திற்குப் பின்னால் இப்படி எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. தகப்பனார் கடன் வாங்கி மருந்து தெளிப்பதாக இருக்கிறார் என்றும், அடுத்த சந்தை நாளில் அதற்காகவே மலையிலிருந்து இறங்கி வருகிறார் என்றும் பையன் சொன்னான்.

இருவருமாகப் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மாவை ஊதிவிட்டுப் பார்த்தால் பூச்சிகள் இளஞ்சிவப்பு நிறமாக இருந்தன. அவற்றிடையே சில பூச்சிகள் மட்டும் வேறு மாதிரி இருந்தன. அவை பழுப்பேறி, உப்பி, உலர்ந்த உமி போல அசைவற்றுக் கிடந்தன. சிலவற்றில் ஊசியால் குத்தினாற்போல் வட்டமான துளை இருந்தது. ஒருமுறை ஏமாந்தவன் ஆகையால் இந்தத் தடவை வியாக்கியானம் செய்யவில்லை. தகப்பனார் வந்ததும் மூவருமாக வேளாண்மை விரிவாக்க மையத்திற்குப் போனோம்.

"வாத்தியார் ஐயா, வெள்ளை ஏறிக்கிட்டே போகுது. மருந்து அடிக்காம எப்படி இருக்கிறது?" என்று அவர் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். கடனுக்குப் பயந்தவர் அல்ல அவர். விளைச்சல் போய்விடுமே என்று பயந்தவர். அந்தப் பயம் நியாயமானதுதான்.

அங்கே இருந்த அதிகாரி கொழுந்தைப் பார்த்தார். உப்பிய உமிகளைக் காட்டி, "இவை மாவுப் பூச்சியின் பிணங்கள். குளவி வந்துவிட்டது. மூன்று வாரம் விஷம் தெளிக்காமல் பொறுங்கள். மிகவும் கெட்டுப்போன நுனிகளை மட்டும் வெட்டி எரித்துவிடுங்கள், ஆனால் இந்த உமிகள் இருக்கும் நுனிகளை விட்டுவையுங்கள்" என்றார்.

எந்தக் குளவி? அதன் வரலாறு மூன்று கண்டங்களைச் சுற்றி வருகிறது. மரவள்ளிக்குப் பிறப்பிடம் தென்னமெரிக்கா. அங்கிருந்து அதன் மாவுப் பூச்சி 1970-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. பகைவர்கள் மட்டும் பின்னால் போகவில்லை. அங்கே சுமார் 20 கோடி ஜனங்களுக்கு மரவள்ளிதான் சோறு. வயல் வயலாகச் செடிகள் நுனி கருகின. பஞ்சம் வாசலில் நின்றது. ஹான்ஸ் ஹெர்ரன் என்னும் ஸ்விட்ஸர்லாந்து விஞ்ஞானியும் அவர் கூட்டத்தாரும், பூச்சியின் சொந்த ஊருக்கே போய் அதன் பகைவனைத் தேடுவது என்று தீர்மானித்தார்கள். 1981-ல் பராகுவே தேசத்தில் அகப்பட்டது, ஒன்றரை மில்லிமீட்டர்கூட நீளமில்லாத ஒரு குளவி. அது மாவுப் பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்று, தோலை உமியாக்கி, துளையிட்டு வெளிவரும். அதே வருஷம் நைஜீரியாவில் குளவியை விட்டார்கள். சில வருஷங்களில் அது மரவள்ளி விளையும் தேசங்கள் பலவற்றுக்கும் பரவிப் பயிரைக் காத்தது. ஹெர்ரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள்.

அதே மாவுப் பூச்சி 2020-ல் நம் தேசத்தில், கேரளத்துத் திருச்சூரில் தலை காட்டியது. அங்கிருந்து தமிழ்நாட்டு மரவள்ளி வயல்களுக்குள் புகுந்தது. பெங்களூரில் உள்ள தேசியப் பூச்சி வள நிறுவனத்தார் ஆப்பிரிக்காவின் பெனின் தேசத்திலிருந்து குளவியை 2021-ல் தருவித்தார்கள். அது வேறு நல்ல பிராணிகளுக்குத் தீங்கு செய்யாது என்று முதலில் சோதித்துப் பார்த்து, 2022 மார்ச் 7-ந் தேதி சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் முதன்முதலாக வயலில் விட்டார்கள். ஏத்தாப்பூருக்கும் கல்வராயன் மலைக்கும் தூரம் அதிகமில்லை.

இதற்கு முன்னேயும் நம் நாடு இதே பாடத்தைப் படித்திருக்கிறது. 2008-ல் கோயமுத்தூரில் பப்பாளி மாவுப் பூச்சி தோன்றியது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் வெள்ளையாக்கியது. விஷம் தெளித்துத் தெளித்துக் கை ஓய்ந்த பிறகு, 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். வெள்ளை அடங்கியது.

மறுபடி என் மாணவனிடம் வருவோம். மூன்று வாரம் சென்று அவன் இன்னும் சில நுனிகளைக் கொண்டுவந்தான். பழுப்பு உமிகள் இப்போது அதிகமாகத் தெரிந்தன. அவற்றை ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு, வாயை மஸ்லின் துணியால் கட்டி வகுப்பில் வைத்தோம். ஒரு வாரத்திற்குள், கமாவைவிடச் சிறிய கறுப்புக் குளவிகள் புட்டிக்குள் பறந்தன. லில்லித் தொட்டிகளை நான் கெடுத்ததைக் கண்டிருந்த பையன்கள் எல்லோரும் வரிசையாக வந்து பார்த்தார்கள். அன்று சாயங்காலம் அந்தப் புட்டியைப் பையன் ஊருக்கு எடுத்துப் போய், தகப்பனார் நிலத்திலே திறந்துவிட்டான்.

விளைச்சல் முழுமையாக வந்தது என்று சொன்னால் பொய்யாகும். முன்பே நுனி சுருண்ட செடிகளில் கிழங்கு சிறுத்துத்தான் இருந்ததாம். கோடை மழையும் பூச்சியைக் கழுவிக் கீழே தள்ளி உதவி செய்தது. எல்லாப் பெருமையையும் குளவிக்கே கொடுப்பது நியாயமாகாது. ஆனால் விஷத்திற்காக வாங்க இருந்த கடனை அந்தக் குடும்பம் வாங்கவில்லை. அடுத்த நடவுக்குப் பூச்சியில்லாத செடிகளிலிருந்து கரணை தேர்ந்தெடுத்தார்கள். மாவுப் பூச்சி ஊர் விட்டு ஊர் போவது பெரும்பாலும் கரணையில் ஏறிக்கொண்டுதான். புதுப் பள்ளி ஆண்டு திறந்த அன்று பையன் வகுப்பில் வந்து உட்கார்ந்திருந்தான். அந்தக் கடன் ஏறியிருந்தால் அவன் திரும்பி வந்திருப்பானா என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

இனிச் சங்கராபுரத்துச் சகோதரிக்கு உரிய சிகிச்சை முறைகள்.

மாவுப் பூச்சி என்று தீர்ந்தால், அந்தத் தொட்டியை மற்றவற்றிலிருந்து விலக்கி வையுங்கள். சடை வைத்து விரைந்து ஓடும் பெரிய வெள்ளைப் புழுக்கள் உண்டா என்று பாருங்கள். இருந்தால் கையை மடக்கிக்கொண்டு பத்து நாள் பொறுங்கள். இல்லையென்றால், பஞ்சை ஒரு குச்சியில் சுற்றி, மருந்துக் கடை ஸ்பிரிட்டில் நனைத்து, கூட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுத் துடையுங்கள். அடுப்பருகே இதைச் செய்ய வேண்டாம். இலை மடிப்புகளை மெதுவாக விலக்கி உள்ளேயும் பாருங்கள். அதுதான் அவற்றின் கோட்டை. தொட்டியை ஒரு தண்ணீர்த் தட்டின் நடுவே கல் வைத்து நிறுத்தினால் எறும்பு ஏறாது. எறும்பு தேனுக்காக மாவுப் பூச்சிக்குக் காவல் நிற்பதால், எறும்பை விலக்கினால் பாதி ஜயம்.

பிறகு வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயும், அது கலப்பதற்காக 5 கிராம் சாதாரண சவர்க்காரமும் கரைத்து, சாயங்கால வேளையில் இலையின் அடிப்புறமும் நனையும்படி தெளிக்க வேண்டும். துணி வெளுக்கும் காரத்தூள் உதவாது. அது இலையைச் சுடும். உப்பு நீரில் சவர்க்காரம் திரிந்துவிடும். மழைத் தண்ணீர் உத்தமம். முதலில் ஓர் இலையில் மட்டும் தெளித்து, மறுநாள் அது வாடாமல் இருந்தால் மற்றவற்றிற்குத் தெளிக்கலாம். முட்டைகள் பொரித்துக்கொண்டே இருக்குமாகையால், வாரத்திற்கு ஒன்றாக மூன்று தடவை வேண்டும். எண்ணெய் கிடைக்காதவர்கள் 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்துத் துணியில் முடிந்து, ஒரு லிட்டர் நீரில் இரவெல்லாம் ஊறவைத்துப் பிழிந்து, வடிகட்டிச் சவர்க்காரம் கலந்து தெளிக்கலாம். இலைப்பேனுக்கும் சிலந்திப் பூச்சிக்கும், தண்ணீரை வேகமாகப் பீச்சி இலையடியைக் கழுவிய பின் இதுவே மருந்து.

சாம்பல் நோயானால், நனையும் கந்தகத் தூள் 2 கிராமை ஒரு லிட்டர் நீரில் கலந்து காலையில் தெளிக்கலாம். ஆனால் எண்ணெய் தெளித்த இரண்டு மூன்று வாரத்திற்குள்ளும் உச்சி வெயிலிலும் கந்தகம் கூடாது, இலை கருகிவிடும்.

எல்லாம் செய்தும் செடி தேறவில்லையென்றால் கிழங்கைப் பிடுங்கிப் பாருங்கள். பூச்சி வேரிலும் கிழங்குச் செதிலிலும் இருக்கலாம். காய்ந்த செதில்களை உரித்து, கழுவி, நிழலில் உலர்த்தி, புது மண்ணில் நடுங்கள். பழைய மண்ணை வேறு தொட்டிக்குப் போட வேண்டாம்.

வேம்பைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பாட்டிமார் நெல் குதிரில் வேப்பிலை போட்டு வைத்த தேசம் இது. அந்த வேப்பெண்ணெய் பூஞ்சையைத் தடுக்கும் என்பதைத் தங்கள் புதுக் கண்டுபிடிப்பாகச் சொல்லி, அமெரிக்க அரசாங்கத்து விவசாய இலாகாவும் ஒரு பெரிய கம்பெனியும் சேர்ந்து 1994-ல் ஐரோப்பாவில் காப்புரிமை பெற்றார்கள். இந்தியாவிலிருந்து எதிர்த்து வழக்காடியவர்களின் முயற்சியால் அது 2000-ல் ரத்தாயிற்று; அப்பீலும் 2005-ல் தள்ளுபடியாயிற்று. நம்முடையதை நம்முடையது என்று சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதோடு பராகுவேயில் பிறந்து, பெனின் வழியாக வந்த ஒரு குளவி நம் மலைக்காரர் கிழங்கைக் காத்தது என்பதையும் நன்றியோடு நினைக்கத் தெரிந்திருக்க வேண்டும். சுதேசியம் என்பது கதவைச் சாத்திக்கொள்வதன்று. வீட்டில் இருப்பது இன்னது, வெளியிலிருந்து வேண்டுவது இன்னது என்று அறிந்து கதவைத் திறப்பதுதான்.

சகோதரியே, ஈரத் துணியை எடுத்துத் துடைத்துப் பாருங்கள். புள்ளி போயிற்றா, இல்லையா என்பதை மட்டும் ஒரு கார்டில் எழுதுங்கள். மற்றதை அடுத்த வாரம் பேசிக்கொள்வோம்.